ஆறு சந்தை ஆச்சு

அவர் யாரையும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "எத்தினி நாளு?" என்றுதான் கேட்பார். மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை பழக்கதோஷத்தில் அப்படியே கேட்டுவிட்டார். தலைமை ஆசிரியரோ தன் பணிக்காலத்தைக் கேட்கிறார் என்று நினைத்துப் பதினெட்டு வருஷம் என்றார். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தலையை ஆட்டியபடி நகர்ந்தார்.

ஜவ்வாது மலையில், காவலூருக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எண்பதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளியை ஒட்டி ஒரு தகரக் கூரைக் கட்டடம். அதுதான் கால்நடைக் கிளை நிலையம். பசுக்களுக்குச் சினை ஊசி போட அரசு அனுப்பியிருந்த ஆள் இவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மலையில் எல்லோருக்கும் அவர் 'ஊசி சார்'.

கடந்த இரண்டு வாரமாக அவர் நினைவாகவே இருக்கிறேன். என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் கரு வைத்திருக்கிறார்கள். குழாயில் வளர்த்த ஐந்து நாள் கரு. வைக்கும்போது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்கள். "இனி ஒட்ட வேண்டும், பதினான்காம் நாள் ரத்தம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. இப்போது அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊசி சாராக இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

முதன்முதலில் அவர் என்னிடம் வந்தது ஒரு சிலேட்டுக்காக.

"டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல ஒடஞ்ச சிலேட்டு இருந்தா ஒண்ணு குடுங்க. ஓரம் போயிருந்தாலும் பரவால்ல. கறுப்பா இருக்கணும்."

என்ன எழுதப்போகிறார் என்று பார்க்கப் போனேன். அன்று புதன்கிழமை, சந்தை நாள். மேசையில் ஒரு அலுமினியத் தூக்கு. அதற்குள் அன்று சந்தையில் வெட்டிய வெள்ளாட்டின் கர்ப்பப்பை. இரண்டு கொம்பாகப் பிரிந்து, மழையில் நனைந்த துணிபோலக் கிடந்தது. சிலேட்டின் மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார். ஒரு கொம்பின் முனையில் ஊசியைக் குத்தி உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளினார். மறுமுனையிலிருந்து அது தட்டில் வழிந்தது. கறுப்புப் பின்னணியில் கலங்கிய நீர். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் குனிந்திருந்தார்.

"வாங்க, பாருங்க. மூச்சு விடாதீங்க, ஓடிடும்."

ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. என் சுண்டுவிரல் நீளம். அவ்வளவு மெல்லியது, நீர் அசைந்தால் அதுவும் அசைந்தது.

"இதுவா குட்டி?"

"குட்டி இன்னும் வரல டீச்சர். நடுவுல ஒரு புள்ளி தெரியுது பாருங்க, அதுல இருந்துதான் குட்டி. மத்தது எல்லாம் உறை. நாலு நாளைக்கு முன்னாடி இது சாமை அரிசி மாதிரி உருண்டையா இருந்திருக்கும். சடார்னு நூலாயிடுது."

எனக்கு அதுவரை தெரியாது. தாயும் தந்தையும் சேர்ந்ததும் கரு போய் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எண்ணியிருந்தேன். இல்லை என்றார். ஆட்டிலும் மாட்டிலும் அது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது. கர்ப்பப்பை கசிய விடும் பாலைக் குடித்துக்கொண்டு சும்மா மிதக்கிறது. பதினாறு பதினேழாம் நாளுக்குள் அது தாய்க்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தாயின் உடம்பு அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும்; இருபத்தோராம் நாள் துணை தேடி மறுபடியும் கத்தும்.

"தாய்க்குத் தானாகத் தெரியாதா?"

"தெரியாது. அது போய்ச் சொல்லணும்."

"எப்படிச் சொல்லும்?"

"அதுதான் யாருக்கும் தெரியல." அந்தத் தெரியாமை அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. "அதுக்குத்தான் இப்டி நீளுதுன்னு நெனைக்கறேன். வூடு முழுக்கத் தொட்டுத் தொட்டு, 'நான் வந்திருக்கேன், வந்திருக்கேன்'னு சொல்லுது போல."

அன்றிலிருந்து புதன்கிழமை மாலைகளில் அவருடைய நோட்டை நான் எழுதினேன். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. காவலூர் மலைமேல் வானத்தைப் பார்க்கும் கூடத்தின் வெள்ளைக் குடை எங்கள் சன்னலிலிருந்து தெரியும். "அவங்க தூரமா பாக்கறாங்க, நான் கிட்டத்துல பாக்கறேன்" என்பார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் சரியா தெரியல."

சந்தையில் அவர் ஒரு வேடிக்கை. கறிக்கடை பாய் எல்லோரிடமும் சொல்வார்: "ஊர்ல எல்லாரும் ஈரல் கேப்பாங்க. இந்த சாரு மட்டும் நான் நாய்க்குப் போடறதைக் கேட்டு வாங்கினு போறாரு." ஆடு விற்க வருகிறவர்களை அவர் விடமாட்டார். கெடா எப்போது சேர்ந்தது என்று அவர்கள் வாயிலிருந்து வாங்கியாக வேண்டும்.

"எத்தினி நாளு ஆவுது?"

"அதுக்கு இன்னா சார் பத்திரிகையா அடிச்சோம்? ரெண்டு சந்தை ஆச்சு. போதுமா?"

மலையில் நாளை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு சந்தை ஆச்சு, மூன்று சந்தை ஆச்சு. அவர் வந்து அதைச் சொல்வார். நான் ஏழால் பெருக்கி நாளை எழுதுவேன். இரண்டு சந்தை, பதினான்கு. மூன்று சந்தை, இருபத்தொன்று.

சில மாதங்களில் நோட்டு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. கீழே பயிற்சியில் அவர் எழுதிவந்த பாடத்தின்படி பதினான்காம் நாள் கரு நூலாகத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் நோட்டில் பதினான்காம் நாள் தட்டில் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. இருபத்தோராம் நாள் ஒட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு இருபத்தோராம் நாள்தான் நூலே கிடைத்தது. ஆட்டுக்கு ஆடு இதே கதை. ஒரு வாரம் பிந்தி. ஒரு நாள் முன்னே பின்னே.

"குளிரு டீச்சர்" என்றார். கண்கள் மின்னின. "மேல வந்தா எல்லாமே மெதுவுதான். பஸ்ஸே அரை நாள் கழிச்சு வருது, கருவுக்கு மட்டும் இன்னா அவசரம்? மலை ஆடு ஒரு வாரம் லேட்டா ஒட்டுது. இது யாரும் எழுதல."

மெட்ராஸுக்கு, கால்நடைக் கல்லூரிக்கு எழுதப்போவதாகச் சொன்னார். கடிதத்தை நான் இரண்டு முறை சுத்தப் பிரதி எடுத்தேன். இன்னும் பத்து ஆடு பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சின்னப்பொண்ணுவின் கிடேரி வந்தது. சின்னப்பொண்ணுவும் அவள் புருஷன் கோவிந்தனும் சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிறவர்கள். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு கலப்பினக் கிடேரி கொடுத்திருந்தது. செம்மண் நிறம், பெரிய காது. இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மலட்டு மாட்டுக்கு யார் தீனி போடுவது, சந்தைக்கு ஓட்டிவிடுகிறேன் என்று கோவிந்தன் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னப்பொண்ணு அதற்குத் தன் சோற்றுக் கஞ்சியில் பாதியை ஊற்றுவாள்.

ஊசி சார் பயிற்சிக்கென்று கீழே போயிருந்தபோது அது பருவத்துக்கு வந்து, ஊர்க் காளை சேர்ந்துவிட்டது. அவர் திரும்பியதும் சின்னப்பொண்ணு வந்து சொன்னாள். அதன்பின் கிடேரி கத்தவேயில்லை. ஒவ்வொரு சந்தைக்கும் அவர் அவளிடம் எண்ணிக்கை கேட்டார்.

ஒரு புதன்கிழமை அவள் கிடேரியையே ஓட்டிக்கொண்டு வந்தாள். "ஆறு சந்தை ஆச்சு சார்."

நான் மனக்கணக்குப் போட்டேன். "நாற்பத்திரண்டு" என்றேன்.

ஆறு வாரம் முடியும் முன் அவர் எந்த மாட்டுக்கும் கை வைத்துப் பார்க்கமாட்டார். சும்மா விட்டால் மூன்று மாதம்வரை பொறுக்கலாம், அதுதான் நல்லது. ஆனால் அவரால் பொறுக்க முடியாது. இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி ஒரு மாட்டின் வயிற்றில் இருக்கும்போது அவருக்குச் சாப்பாடு இறங்காது. நானும் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

தோள்வரை சோப்புத் தண்ணீர் பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முகத்தைக் கூரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டார். மாட்டுக்குள் கை இருக்கும்போது அவர் கண் எதையும் பார்க்காது.

"இருக்குது" என்றார். சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் புருவம் சுருங்கியது. "ஆனா சின்னதா இருக்குதே. நெல்லிக்காய் அளவு இருக்கணும். இது கோலிகுண்டு மாதிரி நழுவுது."

"மலை மாடு லேட்டோ?" என்றேன்.

"இது கீழ்நாட்டு ரத்தம் டீச்சர். இதுக்கு அந்தக் கணக்கு வராது." மறுபடியும் தேடினார். செத்துச் சுருங்கிவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விரலுக்கிடையில் பிடித்து அழுத்தினார். பிடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் செய்தார். நான் அதையும் நோட்டில் எழுதினேன்.

பதினெட்டு நாள் கழித்துக் கிடேரி கத்தியது.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முதலில் நின்றது பிறகு கலைவது மாடுகளில் சாதாரணம். அவர் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனார். என்னையும் நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

"சின்னப்பொண்ணு, இது என் கையி பண்ணது. நாப்பத்திரண்டு நாளுக்கு அது ரொம்ப சின்னதா இருந்துச்சு. அதான் அமுக்கிப் பாத்துட்டேன்."

"நாப்பத்திரண்டு எங்க வந்துச்சு?" என்றாள் அவள்.

"ஆறு சந்தைன்னு நீதானே சொன்ன?"

"ஆமா." அவள் விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினாள். "காளை சேர்ந்த சந்தை ஒண்ணு. நான் உப்பு வாங்கியாந்த சந்தை ரெண்டு. மழையில கடை போடாத சந்தை மூணு. நீங்க ஊர்ல இருந்து வந்த சந்தை நாலு. இவரு குடிச்சிட்டு உழுந்த சந்தை அஞ்சு."

"அதை எதுக்கு இப்போ இழுக்கற?" என்றான் கோவிந்தன்.

"நீங்க கை வெச்ச சந்தை ஆறு."

காளை சேர்ந்த அன்றைக்கே ஒன்று. நானும் விரலில் எண்ணிப் பார்த்தேன். ஆறு சந்தைக்கு இடையே ஐந்து வாரம்தான். முப்பத்தைந்து நாள். அந்த முப்பத்தைந்து நாளுக்கு அந்தக் கோலிகுண்டு அளவு மிகச் சரி. அது நன்றாக இருந்திருக்கிறது.

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், ஆடுங்களுக்கும் இப்டித்தான் பெருக்குனீங்களா?"

"ஆமாம்."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாவற்றுக்கும்."

நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். இருபத்தொன்று என்று நான் எழுதியதெல்லாம் பதினான்கு. பதினான்கெல்லாம் ஏழு. "அப்போ மலை ஆடு சரியாத்தான் போவுது" என்றார். "நேரத்துக்கு நூலாவுது, நேரத்துக்கு ஒட்டுது. நாமதான் ஒரு வாரம் முன்னாடி போய் நின்னுகினு, இன்னும் வரல இன்னும் வரலன்னு பாத்துனு இருந்திருக்கோம்."

நான் பெருக்கியதுதான் தப்பு என்று சொன்னேன். பள்ளியில் பிள்ளைகளும் முதல் நாளையே ஒன்று என்றுதான் எண்ணுவார்கள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "கணக்கு நோட்டுல இருந்துச்சு. கையி என்னுது."

சின்னப்பொண்ணு அழவில்லை. கிடேரியின் முதுகைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "உள்ள இருக்கறது இருந்துட்டுப் போவுது. உங்க கையி சும்மாவே இருக்காதா சார்?"

அவர் அந்தக் கையை மடக்கி இடது அக்குளில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கிடேரிக்கு அருகே எப்போது நின்றாலும் அப்படித்தான் நின்றார். ஊரார் கேலி செய்தார்கள். கை வலியா சார், எண்ணெய் தேய்க்கவா என்று கேட்டார்கள்.

அடுத்த பருவத்தில் அவரே ஊசி போட்டார். தேதியை அவரே நோட்டில் எழுதினார். பக்கத்தில் பெரிதாக ஒரு சுழி போட்டார், பூஜ்யம். "போட்ட நாளு ஒண்ணு இல்ல, சுழி" என்று எனக்கும் சொன்னார். பத்தொன்பதாம் நாளிலிருந்து இருபத்து நான்காம் நாள்வரை சின்னப்பொண்ணும் நானும் கிடேரியை மாறி மாறிப் பார்த்தோம். அவர் வேலியோரம் வந்து நிற்பார். கத்துச்சா என்று கேட்பார். இல்லை என்போம். தலையை ஆட்டிவிட்டுப் போவார். பதினாறாம் நாளிலிருந்தே அவர் கருவைப்பற்றி நிறையப் பேசினார். இன்றைக்கு அது சொல்லியிருக்கும், இன்றைக்குத் தாய் கேட்டிருக்கும், இன்றைக்கு ஒரு முனை ஒட்டத் தொடங்கியிருக்கும். மனுஷிக்கும் இப்படித்தானா என்று ஒருநாள் கேட்டேன். "அது தெரியாது டீச்சர். நான் மாட்டு ஆளு" என்றார்.

முப்பத்தொன்றாம் நாள் கோவிந்தன் ஒரு மாட்டுத் தரகனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். எங்களுக்குச் செய்தி வந்து ஓடினோம். தரகன் கயிற்றைக் கையில் பிடித்திருந்தான்.

"நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு" என்றான் கோவிந்தன். "கை வெச்சுச் சொல்லுங்க சார். இருந்தா நான் வெச்சுக்கறேன். இல்லன்னா இவரு ஓட்டினு போவாரு."

"கத்தலையே, அதைவிட இன்னா வேணும்? மூணு மாசம் ஆவட்டும்."

"மூணு மாசம் தழை யாரு அறுக்கறது? நீங்களா? இருக்குதா, இல்லையா? ஒரே வார்த்தை."

"தெரியாது."

"தொட்டா தெரியுமில்ல?" என்றான் தரகன்.

"தெரியும்."

"அப்போ தொடேன் சாரு. உன் வேலைதானே அது?"

கோவிந்தன் சோப்புத் தண்ணீரை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தான். வாலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தொட்டு, இருக்கிறது என்று சொன்னால் கிடேரி பிழைக்கும். மெதுவாகத் தொட அவருக்குத் தெரியும். தொடச் சொல்லி நானே கண்ணால் கெஞ்சினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கை அக்குளை விட்டு வரவில்லை.

"மாட்டேன் கோவிந்தா. வித்தா வித்துக்க."

 சின்னப்பொண்ணு தரகனிடம் போய்க் கயிற்றை வாங்கினாள். அவன் கொடுத்தான், ஏனென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அன்னிக்குத் தொட்டுட்டு இருக்குதுன்னு சொன்னாரு, அப்பறம் இல்லாமப் போச்சு" என்றாள். "இன்னிக்குத் தெரியாதுன்னு சொல்றாரு. தெரியாமலே இருக்கட்டும். தழை நான் அறுக்கறேன்."

கிடேரியை முளையில் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

கன்று பிறப்பதற்குள் அவருக்கு அமிர்திப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. சிலேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மெட்ராஸுக்கு எழுதிய கடிதம் அனுப்பப்படவேயில்லை. கிடேரி கன்று ஈன்றதும் அவருக்குக் கார்டு போட்டேன்: கிடேரிக் கன்று, தாயைப் போலவே பெரிய காது, சின்னப்பொண்ணு நலம், இருநூற்று எண்பதாம் நாள். பத்து நாளில் பதில் வந்தது. அந்தக் கோழிக் கிறுக்கலில் ஒரே வரிதான் இருந்தது: 'சந்தைக் கணக்கா, நாள் கணக்கா?'

அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை.

மனுஷிக்கு எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதக் கரு நூலாவதில்லை. பத்து நாளுக்குள்ளேயே சுவரைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. ஆனால் அதுவும் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தாய்க்குத் தெரியாது. ரத்தத்தில் பார்ப்பதுகூட அது சொன்ன சேதியைத்தான். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

போன வருஷம் இதேபோல வைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்பதாம் நாளே கடையில் ஒரு பரிசோதனை அட்டை வாங்கிக் கொடுத்து, பார் பார் என்று மகளை நச்சரித்தேன். மங்கலாக இரண்டாவது கோடு தெரிந்தது. நாத்தனார்களுக்கெல்லாம் போன் போட்டேன். அடுத்த வாரம் அது இல்லை. முன்கூட்டிப் பார்த்ததால் எதுவும் ஆகவில்லை, அப்படி நினைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மகளும் அதையே சொன்னாள். ஆனால் அவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தட்டியது நான். அந்தச் சத்தம் என் கையில் இன்னும் இருக்கிறது.

இந்த முறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எண் போட்டு வந்தேன். இன்று காலை பதினான்கு என்று போட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாளா என்று கேட்கப் போனை எடுத்தேன். அவள் பெயரைத் தொடும் முன் ஏனோ நாட்காட்டியை மறுபடி பார்த்தேன். கரு வைத்த அன்றைக்கு நான் ஒன்று என்று போட்டிருக்கிறேன்.

சுழி போட்டிருக்க வேண்டும். இன்று பதின்மூன்று. நாளைக்குத்தான்.

போனை மேசைமேல் வைத்தேன். வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதற்காகத்தான் வெளியே எடுத்தேன்.